வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கம்

போன வருஷம் ஜூலையில் எங்கள் குறுவள மையக் கூட்டத்துக்கு, அதாவது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு, என்னைக் கருத்தாளராக, பேசுகிற ஆளாகப் போட்டுவிட்டார்கள். தலைப்பு ‘வகுப்பறையில் சமத்துவம்’. நேரம் மதியம் இரண்டு மணி. சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டு முடித்த கையோடு சமத்துவம் பேசச் சொன்னால் எந்தச் சபைதான் தாங்கும்?

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை. கணக்குப் பாடம். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே, ஒரு பக்கம் தண்டவாளம், இன்னொரு பக்கம் பனைமரம், அதைத் தாண்டினால் கடல். இந்த வேலைக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. கணக்கு டீச்சரை எதற்குச் சமத்துவம் பேசக் கூப்பிட்டார்கள் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு லீவு போடாமல் இருந்தது நான் மட்டும்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரிய கதையோடு போனேன். 1968 ஏப்ரல் 4-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் காலையில் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சின்ன ஊரில் ஜேன் எலியட் என்ற மூன்றாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். வகுப்பில் எல்லாரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். ஒரு நிறக் கண்ணுக்குச் சலுகை, இன்னொரு நிறக் கண்ணுக்கு ஏச்சு. அப்புறம் அதையே தலைகீழாக மாற்றினார். காலையில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, ‘நீ மட்டம்’ என்று சொன்ன பிறகு தெரிந்த எழுத்திலேயே தடுமாறியது.

கதை நன்றாக எடுபட்டது. தூங்கியவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “வெள்ளைக்காரன் கருப்பன்னு பாக்குறவனாச்சே, அங்க அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு டீச்சர் உச்சுக்கொட்டினார். சரி, இதுதான் சமயம் என்று, “நம்ம பள்ளிக்கூடங்கள்ல?” என்று கேட்டேன்.

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. வயதில் மூத்த ஒரு சார், “நம்மகிட்ட அதெல்லாம் கிடையாது டீச்சர். நாங்க எல்லாப் பிள்ளையையும் ஒண்ணாத்தான் பாக்குறோம்” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்பதுதான் வெட்கம்.

அந்த அமைதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. செப்டம்பர் 11 பரமக்குடியில் தலித் தலைவர் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30 பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் குருபூஜை. இரண்டுக்கும் வருஷா வருஷம் தடை உத்தரவு போடுவார்கள், போலீஸ் வேன் வரிசையில் நிற்கும், பஸ் பாதை மாறும். 1957-இல் முதுகுளத்தூர்ப் பக்கம் நடந்த சாதிக் கலவரத்தை வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அப்படிப்பட்ட மாவட்டத்தில் ஆசிரியர் அறையில் சாதி என்ற வார்த்தையை எடுத்தால் பக்கத்து நாற்காலிக்காரர் எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டால் பென்ஷன் வரை நிம்மதி. (என் சாதி என்ன என்று இந்நேரம் நீங்களும் யோசித்திருப்பீர்கள். யாராவது இப்படி எழுதினால் நானும் முதலில் அதைத்தான் தேடுவேன்.)

அன்றைக்கு இன்னொரு தப்பும் செய்தேன். யாரும் வாய் திறக்காததால் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு டீச்சரைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க டீச்சர், உங்களுக்கு ஏதாவது அனுபவம் இருக்குமே” என்று கேட்டுவிட்டேன். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். “ஒண்ணும் இல்ல டீச்சர்” என்று சிரித்தார். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் வந்து நின்று, “என்னை எதுக்கு டீச்சர் சாட்சிக் கூண்டுல ஏத்துனீங்க? தப்பு பண்றவங்களைக் கேக்க வேண்டிய கேள்விய என்கிட்ட கேட்டீங்க” என்றார். என்னிடம் பதில் இல்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்துத்தான் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க டீச்சர்” என்றார். அவர் விட்டாரா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த ‘ஒண்ணாத்தான் பாக்குறோம்’ என்னை விடவில்லை. கணக்கு டீச்சருக்குத் தெரிந்தது எண்ணுவது ஒன்றுதான். சரி, எண்ணிப் பார்த்துவிடலாம் என்று அடுத்த திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டேன். கேள்வி கேட்டது, போர்டுக்குக் கூப்பிட்டது, துடைப்பம், டீ, பெஞ்ச் தூக்க, காலை வழிபாட்டில் குறள் சொல்ல, பாராட்டு, திட்டு. வெள்ளிக்கிழமை வரை, யாரைக் கூப்பிட்டாலும் உடனே ஒரு கோடு.

எங்கள் வகுப்பில் 34 பிள்ளைகள். 13 பேர் கடற்கரைத் தெரு. வலை, வல்லம், பாசி என்று கடலோடு பிழைக்கும் வீட்டுப் பிள்ளைகள். நாலு பேர் காலனி. மூன்று பேர் மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் பிள்ளைகள். மீதி 14 பேர் ரோட்டோரத் தெருக்கள், கடை வைத்திருப்பவர்கள், அரசு வேலை பார்ப்பவர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டிப் பார்த்தேன். 41 கேள்வி கேட்டிருந்தேன். அதில் 30 அந்தப் பதினாலு பேருக்கே போயிருந்தது. போர்டுக்குக் கூப்பிட்டதும் அதே மாதிரி. துடைப்பம், டீ, பெஞ்ச் மூன்று கட்டத்தையும் மற்ற இருபது பேர்தான் நிரப்பியிருந்தார்கள். ரோட்டோரத் தெருவுக்கு ஒரே ஒரு கோடு, அதுவும் அந்தப் பையன் தானாகப் போய் டஸ்டர் தட்டியது.

முதலில் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அவர்கள் ஆசையாக வருகிறார்கள், “நான் போறேன் டீச்சர், நான் போறேன்” என்று கையைத் தூக்குகிறார்கள், உடம்பில் தெம்பு உள்ள பிள்ளைகள். அப்புறம் பாராட்டுக் கட்டத்தைப் பார்த்தேன். அந்த இருபது பேரில் என்னிடம் ‘சபாஷ்’ வாங்கியவர்கள் எல்லாரும் பெஞ்ச் தூக்கித்தான் வாங்கியிருந்தார்கள். வேறு எதற்கும் நான் கொடுக்கவில்லை. பிறகு ஏன் கை தூக்க மாட்டார்கள்?

திட்டுக் கட்டத்தில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே நாலு கோடு. கையெழுத்துக்காக. அவளுக்குப் பேனா நிற்காது, எழுத்து ஆடும், தாளில் அழுக்கு ஒட்டியிருக்கும். ‘கையைக் கழுவிட்டு நோட்டைத் தொடு’ என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு விரலைப் பார்த்தேன். வலது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல், சில ஆறியது, சில வெளுத்துத் தோல் உரிந்தது. நகக் கண்ணில் பச்சை. “என்னம்மா இது?” என்றேன். “பாறை கிழிச்சது டீச்சர். சனி ஞாயிறு அம்மாகூட மரிக்கொழுந்து எடுக்கப் போவேன்.” மரிக்கொழுந்து என்றால் தலையில் வைப்பது இல்லை, கடலுக்கு அடியில் பாறையில் ஒட்டி வளரும் பாசி. அம்மாக்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்குவார்கள். இவளுக்குச் சுற்றத் துணி பத்தவில்லையாம். அம்மாவின் பழைய சேலையைக் கிழித்தது அம்மாவுக்கே சரியாகப் போய்விட்டதாம். இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அந்தப் பச்சை நான் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்ன அழுக்கு.

முகாம் பிள்ளைகள் கதை வேறு. 2022-இல் இலங்கையில் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்களில் படகேறி வந்து அரிச்சல்முனைப் பக்கம் இறங்கிய குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பிள்ளை எங்கள் வகுப்பில் இருந்தாள். வந்த புதிதில் பின்னக் கணக்கு நடத்திவிட்டு, “புரிஞ்சுதா?” என்று கேட்டேன். “விளங்கேல்ல டீச்சர்” என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. எங்கள் பக்கம் ‘வெளங்காது’ என்றால் சாபம். உருப்படாது என்று அர்த்தம். டீச்சரைப் பார்த்து வெளங்காது என்று சொல்லிவிட்டாள் என்று பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். விளங்கியதா இல்லையா என்று எனக்குத் தெரியாமலே பரீட்சை வந்தது.

அடுத்த கூட்டத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது கலாம்தான் நினைவுக்கு வந்தார். எங்கள் பக்கம் கலாம் படம் இல்லாத பள்ளிக்கூடம் ஏது? பேப்பர் போட்டுப் படித்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பில் அவருக்கு நடந்ததை மட்டும் சொல்ல மாட்டோம். தலையில் தொப்பியோடு அவர் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் கோயில் குருக்கள் மகன் ராமநாத சாஸ்திரி. புதிதாக வந்த ஒரு வாத்தியாருக்கு அது பொறுக்கவில்லை, கலாமைப் பின் பெஞ்சுக்கு அனுப்பினார். ராமநாதன் அழுதான். அவன் அப்பா லட்சுமண சாஸ்திரி அந்த வாத்தியாரைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தையும் தீவையும் விட்டுப் போ என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். கலாமே எழுதியிருப்பதுதான் இது.

இதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் செய்தது. கலாமைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஒரு முஸ்லிம் பையனுக்குத் தன் அடுப்படியில் பரிமாற மாட்டேன் என்று வீட்டம்மா மறுத்துவிட்டார். ஐயர் சண்டை போடவில்லை, உபதேசமும் செய்யவில்லை. தானே பரிமாறினார், பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். கிளம்பும்போது அடுத்த வாரமும் வா என்றார். தயங்கித் தயங்கி மறுவாரம் போன பையனை அந்த அம்மா உள்ளே கூட்டிப்போய்த் தன் கையால் பரிமாறினாராம்.

நான் ஜூலையில் செய்தது உபதேசம். அதுவும் ஒரே ஒரு தடவை, மதியம் இரண்டு மணிக்கு. அடுத்த மாதமும் எனக்கு அரை மணி நேரம் வேண்டும் என்று நானாகவே கேட்டேன். மேலிடத்தில் ஆச்சரியப்பட்டார்கள். கருத்தாளர் வேலையைக் கேட்டு வாங்குகிற ஆளை அவர்கள் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் கூட்டத்தில் அமெரிக்காவை விட்டுவிட்டேன். என் கடைசிப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுபோய் ஆளுக்கொன்று கொடுத்தேன். பிள்ளைகள் பெயரை மறைத்துவிட்டு, கோடுகளை மட்டும். “இது என் வகுப்பு, என் கணக்கு. நீங்க யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு வாரம் இப்படிப் போட்டுப் பாருங்க. தாளை யாரும் வாங்க மாட்டேன், பாக்க மாட்டேன், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட மாட்டேன்.” கடைசியில் சொன்னதற்குத்தான் எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஒருவர், “பி.இ.ஓ. கேட்டா என்ன சொல்றது?” என்று வட்டாரக் கல்வி அலுவலரை நினைத்துக் கேட்டார். கணக்கு டீச்சர் கணக்குப் போடச் சொன்னதாகச் சொல்லுங்கள் என்றேன்.

கூடவே ஓர் ஆய்வைச் சொன்னேன். ரீமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இந்தியாவில் ஒரு நகரத்தில் செய்து 2012-இல் வெளியிட்டது. விடைத்தாள்களின் முகப்பில் சாதியைச் சீட்டுக் குலுக்கிப் போட்டமாதிரி மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ‘தாழ்ந்த’ சாதி என்று எழுதியிருந்த தாள்களுக்குக் கொஞ்சம் மதிப்பெண் குறைந்தது. ரொம்ப இல்லை, கொஞ்சம்தான். ஆனால் அப்படிக் குறைத்ததில் முக்கியப் பங்கு அதே ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்களுடையது. இதைச் சொன்னதும் அறையில் ஒரு இறுக்கம் தளர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். யாரோ ஒரு சாதிக்காரரைக் கூண்டில் ஏற்றப் போகிறேன் என்றுதான் அதுவரை பயந்திருக்கிறார்கள். என்னிடம் கேள்வி கேட்ட அந்த பஸ் ஸ்டாப் டீச்சர் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது ஆறுதலான செய்தி இல்லை என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

செப்டம்பரில் பாதிப் பேர் எழுதியே பார்க்கவில்லை. இரண்டு பேர் இது வெட்டி வேலை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஆனால் ‘ஒண்ணாத்தான் பாக்குறோம்’ சார், சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். யாருக்கும் காட்டவில்லை. “கேள்வி கேக்குறதெல்லாம் விடுங்க டீச்சர், அது நான் சரியாத்தான் இருக்கேன். ஆண்டு விழா லிஸ்டைப் பழைய போட்டோவ வெச்சுப் பாத்தேன். மூணு வருஷமா நம்ம பாரதமாதா ஒரே கலர்தான்” என்றார். ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அப்புறம் எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். சிவப்பாக இருக்கும் பிள்ளை பாரதமாதா, ராணி, தேவதை. கருப்பாக இருக்கும் பிள்ளை அரக்கி, வேலைக்காரி, மரம். இந்த வெயிலில், இந்த உப்புக்காற்றில், எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் சிவப்பு?

உடனே ஒன்றாம் வகுப்பு டீச்சர் எழுந்து, பிள்ளைகள் ‘ஸ்கின் கலர்’ கொடு என்று ஒரு கிரயானுக்கு அடித்துக்கொள்வதைச் சொன்னார். வெளுத்த ஆரஞ்சு. தன்னை வரையச் சொன்னால் அதைத்தான் பூசும். பக்கத்துப் பிள்ளையை வரையச் சொன்னால் சில சமயம் பழுப்பு எடுக்கும். அமெரிக்காவில் கிரயோலா நிறுவனம் அந்த நிறத்துக்கு வைத்திருந்த ‘ஃபிளெஷ்’ என்ற பெயரை 1962-லேயே ‘பீச்’ என்று மாற்றிவிட்டது. அதற்கும் முன்னால், 1940-களில், கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி கருப்பினக் குழந்தைகள் முன்னால் நிறம் தவிர வேறு வித்தியாசம் இல்லாத பொம்மைகளை வைத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. 1954-இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன பிரௌன் வழக்கில் அந்தச் சோதனையும் பேசப்பட்டது. ஜூலையில் நான் வலுக்கட்டாயமாகத் திணித்த அமெரிக்கா, செப்டம்பரில் ஒரு கிரயானைப் பிடித்துக்கொண்டு தானாகவே வந்து சேர்ந்தது.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும், கையில் சாதிக் கயிறு கூடாது என்றெல்லாம் பரிந்துரை. அதையும் ஒரு கூட்டத்தில் பேசினோம். ‘அகர வரிசைன்னா நெட்டையன் முன்னாடி உக்காந்து பின்னாடி உள்ளவனுக்குப் போர்டை மறைப்பானே’ என்று ஒருவர் கேட்டதற்கு அரை மணி நேரமும் சரியாகப் போய்விட்டது.

நான் நின்று பேசியது வேறு ஒன்றைப் பற்றி. உதவித்தொகை விவரம் கேட்டுக் கல்வித் துறையின் இணையதளமான எமிஸில் வந்ததும் நாங்கள் எல்லாரும் செய்யும் காரியம். வகுப்பு வாசலில் நின்று, “எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க. ஆதார் ஜெராக்ஸ், பாஸ்புக் நாளைக்கு வந்துரணும்.” பத்து விநாடி வேலை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் உத்தரப் பிரதேச கிராமங்களில் ஆறு, ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர் கொடுத்தார்கள். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி போட்டார்கள். பெயரோடு சாதியையும் எல்லார் முன்னாலும் வாசித்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களின் கணக்கு இறங்கிப்போனது. அதே புதிர், அதே பையன்கள் மாதிரியான பையன்கள். என் வகுப்பில் நான் எந்திரிக்கச் சொல்லிவிட்டு, உட்கார்ந்ததும் கணக்கு நடத்தியிருக்கிறேன். பத்தொன்பது வருஷம்.

இந்தத் தடவை எந்திரிக்கச் சொல்வதில்லை என்று முடிவெடுத்து, 34 சீட்டு கிழித்தேன். நாலு சீட்டில் ‘மதியம் என்னை வந்து பார்’ என்று எழுதினேன், மீதியை வெறுமையாக மடித்தேன். எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தேன். பெரிய யோசனை என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். ரகசியம் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. பிள்ளைகள் சீட்டைப் பிரித்து, பக்கத்துச் சீட்டோடு ஒட்டிப் பார்த்து, யாருக்கு எழுத்து, யாருக்கு வெறுமை என்று எண்ணி முடித்துவிட்டார்கள்.

மறுநாள் 34 சீட்டிலும் ஏதாவது எழுதினேன். ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வா, செடிக்குத் தண்ணீர் ஊற்றியதைச் சொல், நீ வரைந்த படகைக் காட்டு, பாஸ்புக் கொண்டு வா. மதிய இடைவேளை முழுக்க என் மேசையைச் சுற்றி வரிசை, நான் சாப்பிடவே இல்லை. பாசி எடுக்கும் பெண்ணின் சீட்டில் ‘நாளைக்கு வழிபாட்டில் குறள் நீ’ என்று எழுதியிருந்தேன். ரோட்டோரத் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் மகன், வகுப்பில் எப்போதும் முதல் கை தூக்குபவன், வரிசையில் கடைசியாக வந்து சீட்டை நீட்டினான். ‘சாயங்காலம் பெஞ்ச் தூக்க இரு’ என்று இருந்தது.

“டீச்சர், இது எனக்குத்தானா? மாத்தி குடுத்துட்டீங்களா?” என்றான்.